தில்லி ஹாட்டில் வீடியோ எடுக்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

நான் இருப்பது தில்லியில். கைவேலை, சாப்பாடு இரண்டையும் பற்றித் தமிழில் வீடியோ போடுகிறேன். பெரிய சேனல் ஒன்றும் இல்லை. ஆனாலும் குளிர்காலம் வந்தால் போதும், "தில்லி வர்றோம், தில்லி ஹாட்ல ஷூட் பண்ணலாமா?" என்று ஊரிலிருந்து செய்திகள் வரத் தொடங்கிவிடும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்டிக் கை ஓய்ந்துபோய், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எந்த தில்லி ஹாட்டுக்குப் போக வேண்டும்?

மூன்று இருக்கின்றன: ஐ.என்.ஏ., பிதம்புரா, ஜனக்புரி. முதல் முறை வருகிறவர்கள் யோசிக்காமல் ஐ.என்.ஏ.வுக்குப் போங்கள். மெட்ரோவின் மஞ்சள் பாதையும் இளஞ்சிவப்புப் பாதையும் சந்திக்கும் ஐ.என்.ஏ. நிலையத்தில் இறங்கினால் வாசல் கண்ணில் படும். ஹாட் என்றால் சந்தை, நம் ஊர் வாரச்சந்தை மாதிரி. கிராமத்துச் சந்தையை நகரத்துக்குள் நிரந்தரமாகக் கொண்டுவர வேண்டும் என்று கைவினைஞர்களுக்காக உழைத்த அரசியல்வாதி ஜெயா ஜெட்லி முன்வைத்த யோசனைதான் 1994இல் தில்லி சுற்றுலாத் துறையும் புது தில்லி நகராட்சி மன்றமும் சேர்ந்து இதைக் கட்டக் காரணம். மூடப்பட்ட ஒரு மழைநீர்க் கால்வாயின் மேல், சுமார் 6 ஏக்கரில் இருக்கிறது. செங்கல் சுவர், சல்லடை போன்ற ஜன்னல், ஓலைக்கூரை, நடுவே கைவினைக் கடைகள், ஒரு பக்கம் மாநிலவாரியாகச் சாப்பாட்டுக் கடைகள். உள்ளே போக நுழைவுச் சீட்டு உண்டு, விலை கொஞ்சம்தான்.

"பதினைந்து நாள், பதினைந்து நாள்" என்று வீடியோவுக்கு வீடியோ சொல்கிறீர்களே, அது என்ன?

மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் பதில் இதிலிருந்துதான் வருகிறது. அதனால் பொறுமையாகப் படியுங்கள்.

கைவினைக் கடைகளில் பெரும்பாலானவை யாருக்கும் சொந்தமில்லை. கைவினைஞர்களுக்குச் சுழற்சி முறையில் 15 நாளுக்கு ஒதுக்குகிறார்கள். பீகாரிலிருந்தோ குஜராத்தின் கட்ச்சிலிருந்தோ ஒருவர் இரண்டு மூட்டைச் சரக்குடன் ரயிலில் வந்து இறங்குவார். அந்தப் பதினைந்து நாளுக்குள் விற்றால் உண்டு. விற்காததை மறுபடி மூட்டை கட்டி அதே ரயிலில் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அடுத்த முறை எப்போது கிடைக்கும் என்பது விண்ணப்பமும் குலுக்கலும் பொறுத்தது.

இப்போது கணக்குப் போடுங்கள். சனி, ஞாயிறுதான் கூட்டம். பதினைந்து நாளில் இரண்டு வாரக்கடைசி, அதாவது நான்கு நாள். அந்த நான்கு நாளில் ஒரு மாலை, அவர் கடை முன்னால் நாமும் கேமரா ஆடாமல் பிடிக்கும் நம் ஜிம்பலும் முக்கால் மணி நேரம் நின்றால், அவருடைய வியாபாரத்தில் எவ்வளவை மறைத்துக்கொண்டு நிற்கிறோம்? "ஃப்ரீ ப்ரமோஷன் தர்றேனே" என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அவருக்கு அந்த நேரத்தில் வேண்டியது துணியைத் தொட்டுப் பார்க்கும் ஒரு கை.

அனுமதி வாங்க வேண்டுமா?

மொபைலில் எடுத்தால் யாரும் தடுத்ததில்லை. டிரைபாட், லைட், நாலைந்து பேர் கொண்ட குழு என்று போனால் காவலாளி வந்துவிடுவார், அவர் செய்வது சரியும்கூட. அப்படி எடுப்பதாக இருந்தால் முன்கூட்டியே நிர்வாக அலுவலகத்தில் எழுதிக் கேட்டு அனுமதி வாங்குங்கள். ஒரு கம்பெனிக்காக எடுக்கும் விளம்பரம் என்றால் அனுமதி இல்லாமல் போகவே வேண்டாம்.

ஆனால் நிர்வாகம் தரும் அனுமதி வளாகத்துக்குத்தான். கடைக்குள் கேமராவைத் திருப்ப அந்தக் கடைக்காரரின் அனுமதி தனி. நுழைவுச் சீட்டு வாங்கிவிட்டால் உள்ளே இருக்கும் முகங்களும் நமக்குச் சொந்தம் என்ற நினைப்பு சிலருக்கு இருக்கிறது.

இந்தி தெரியாது. எப்படிக் கேட்பது?

"பையா, ஏக் சோட்டா வீடியோ பனா லூன்?" (அண்ணா, ஒரு சின்ன வீடியோ எடுத்துக்கொள்ளட்டுமா?) இந்த ஒரு வரி போதும். பெண்மணியாக இருந்தால் "தீதி" (அக்கா), வயதானவராக இருந்தால் "மாதா ஜீ" அல்லது "பாபா ஜீ". கேட்டுவிட்டு முகத்தைப் பாருங்கள். வாய் "ஹான் ஹான்" (ஆமாம், ஆமாம்) என்று சொல்லி, கண் வேறு பக்கம் போனால் அது "வேண்டாம்" என்றுதான் அர்த்தம். கேமராவைக் கையில் பிடித்தபடி கேட்காதீர்கள், பையில் வைத்துவிட்டுக் கேளுங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

சில சமயம் நம்மூர்க் கடைகளும் வரும். தஞ்சாவூர் ஓவியம், நீலகிரித் தோடர்களின் பூத்தையல் எல்லாம் பார்த்திருக்கிறேன். தமிழ் காதில் விழுந்ததும் அவர்கள் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும். மணிக்கணக்கில் பேசுவார்கள். அதனாலேயே அவர்கள் நேரத்தையும் நாம் அளந்து எடுக்க வேண்டும்.

எந்த நாள், எந்த நேரம் நல்லது?

வார நாள், காலை 11 மணிக்குக் கொஞ்சம் பின். கடைக்காரர்கள் டீ குடித்துக்கொண்டு சரக்கு அடுக்கிக்கொண்டிருப்பார்கள். பேச நேரம் இருக்கும். சுழற்சியின் முதல் நாள் போகாதீர்கள், பாதிக் கடைகளில் மூட்டையே பிரிக்காமல் இருக்கும். கடைசி நாளும் வேண்டாம். மீந்த சரக்கை எப்படியாவது தள்ளிவிட வேண்டும் என்ற பதற்றத்தில் இருப்பவரிடம் "இந்தக் கலையின் வரலாறு என்ன?" என்று கேட்பது நியாயமே இல்லை.

மாதம் என்று கேட்டால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. ஜனவரி முதல் பாதியில் தஸ்த்காரி ஹாட் சமிதி என்ற கைவினைஞர் சங்கம் தன் ஆண்டுச் சந்தையை இங்கேதான் நடத்தும். நான் வருஷம் தவறாமல் போவது அதற்குத்தான். மே, ஜூனில் வந்தால் ஃபோன் "சூடாகிவிட்டது" என்று எழுதிக் காட்டிவிட்டு அணைந்துவிடும், நீங்களும்தான்.

வெளிச்சம் பற்றி ஒன்று. கடைக்குள் நிழல், வெளியே சுள்ளென்ற வெயில். ஃபோன் கேமராவை ஆட்டோ மோடில் விட்டால் ஓவியம் கறுத்து, பின்னால் வானம் வெளுத்துவிடும். கடையின் உட்பக்கச் சுவரைப் பார்த்து எக்ஸ்போஷரை, அதாவது வெளிச்ச அளவை, பூட்டிவிடுங்கள். மாலையில் ஒவ்வொரு கடையும் ஒவ்வொரு நிறத்தில் பல்பு போட்டிருப்பார்கள். குங்குமச் சிவப்பு ஆரஞ்சாகத் தெரியும், பார்க்கிறவர் அதை நம்பி வாங்கிவிட்டு அப்புறம் கடைக்காரரைத் திட்டுவார்.

"செய்து காட்டுங்கள்" என்று கேட்கலாமா?

கேட்கலாம். ஒரு முறை. நான் செய்த தப்பைச் சொல்கிறேன்.

மதுபனி ஓவியம் போடும் ஓர் அம்மா, காகிதத்தில் மீன் வரைந்துகொண்டிருந்தார். அந்த ஓவியத்தின் ஓரக்கோடு இரட்டைக் கோடு. இரண்டுக்கும் நடுவே பல்வரிசை மாதிரி குறுக்குக் கோடுகள் நெருக்கமாக வரும். பேனா நிப்பை மையில் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, செதில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார். அழிப்பான் எல்லாம் கிடையாது, விழுந்த கோடு விழுந்ததுதான். எனக்கு ஃபோகஸ் சரியாக அமையவில்லை. "தீதி, இன்னொரு தடவை" என்றேன். போட்டார். "கொஞ்சம் மெதுவாக" என்றேன். கை என் வேகத்துக்கு இழுபட்டு, மை ஒரு செதிலில் பொட்டாகத் தேங்கிவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. நிப்பைத் துடைத்தார், பொட்டைப் பார்த்தார், அதைச் சுற்றி ஒரு குட்டிப் பூ வரைந்து மூடினார். மூன்று நாள் வேலை அந்தக் காகிதம். நான் வாங்கிக்கொண்டேன், விலை கேட்கவில்லை. மீனின் வயிற்றில் சம்பந்தமில்லாமல் ஒரு பூ இருக்கும் அந்த ஓவியம் இப்போது என் எடிட்டிங் மேஜைக்கு மேலே தொங்குகிறது.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன்: அவர்கள் வேலை செய்துகொண்டிருந்தால் எடுப்பேன், எனக்காக வேலையைத் தொடங்கச் சொல்ல மாட்டேன்.

போவதற்கு முன் என்ன படித்துவிட்டுப் போக வேண்டும்?

எல்லாக் கலையையும் படிக்க முடியாது. இரண்டைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். நல்ல கேள்வி கேட்கிற அளவுக்குத் தெரிந்தால் போதும்.

மதுபனியையே எடுத்துக்கொள்வோம். "இது எத்தனை வருஷப் பழமை?" என்று கேட்டால் "பஹுத் புரானா" (ரொம்பப் பழசு) என்ற பதிலோடு முடிந்துவிடும். பீகாரின் மிதிலைப் பகுதிப் பெண்கள் வீட்டுச் சுவரில் வரைந்துவந்த ஓவியம் இது. 1934 நிலநடுக்கத்தில் சுவர்கள் இடிந்தபோதுதான் வில்லியம் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேய அதிகாரி உள்சுவர்களில் இருந்த படங்களைப் பார்த்தார். 1960களின் நடுவில் கடும் பஞ்சம் வந்தபோது, வருமானத்துக்கு வழியாக அகில இந்தியக் கைவினை வாரியம் அந்தப் பெண்கள் கையில் காகிதத்தைக் கொடுத்தது. சுவர் காகிதமாக மாறியது அப்படித்தான். ஜகதம்பா தேவி, சீதா தேவி, கங்கா தேவி என்று பிறகு வரிசையாகப் பத்மஸ்ரீ வாங்கினார்கள். 2021இல் வாங்கிய துலாரி தேவி, வீட்டு வேலை பார்த்த இடத்தில் கற்றுக்கொண்டவர். இவ்வளவு தெரிந்துகொண்டு போய், "உங்கள் வீட்டில் சுவரில் இப்போதும் வரைகிறீர்களா, கல்யாணத்துக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். அப்புறம் நீங்கள் பேச வேண்டியதே இல்லை.

கட்ச்சில் மரக்கட்டை அச்சால் சாயமிடும் அஜ்ரக் துணியும் அப்படித்தான். அந்தச் சாயத்துக்குத் தண்ணீர்தான் உயிர். 2001 பூகம்பத்துக்குப் பிறகு தமட்கா ஊரின் நிலத்தடி நீரில் இரும்பு கூடிவிட்டது, சாயம் சரியாகப் பிடிக்கவில்லை. அங்கே சாயத்தொழில் செய்துவந்த கத்ரி குடும்பங்களில் பலர் வேறு இடத்தில் அஜ்ரக்பூர் என்று புதிதாக ஓர் ஊரே கட்டிக்கொண்டார்கள். அஜ்ரக் கடைக்காரரிடம் "எத்தனை நாள் ஆகும்?" என்பதற்குப் பதிலாக "உங்கள் ஊரில் தண்ணீர் எப்படி?" என்று ஒருமுறை கேட்டேன். அன்று எடுத்ததுதான் இதுவரை நான் போட்டதிலேயே நல்ல வீடியோ.

கேமராவில் எதைக் காட்டினால் நன்றாக இருக்கும்?

பின்பக்கத்தை. முன்பக்கத்தை எல்லோரும் காட்டுகிறார்கள். பஞ்சாபின் புல்காரிப் பூத்தையலைத் துணியின் பின்பக்கமிருந்து இழைகளை எண்ணித் தைப்பார்கள். லக்னோவின் சிக்கன்காரிப் பூத்தையலில் நிழல் போலத் தெரியும் பூவுக்கு நூல் முழுக்கப் பின்னால்தான் ஓடும். மரக்கட்டை அச்சுத் துணியில், ஓர் அச்சு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்துக்குப் போங்கள். ஒரு மயிரிழை விலகியிருக்கும், இல்லை கொஞ்சம் ஏறி விழுந்திருக்கும். மூலையில் குண்டூசித் தலையளவு புள்ளி தெரியும், அடுத்த அச்சை எங்கே வைப்பது என்று கைக்கு அடையாளம் சொல்லும் புள்ளி அது. அந்தப் புள்ளியைத் திரையில் பெரிதாகக் காட்டினால், பார்ப்பவர் இனி எங்கே துணி வாங்கினாலும் அதைத் தேடுவார்.

விலையையும் பேரத்தையும் காட்டலாமா?

விலையைக் காட்டுவது என்றால் கேட்டுவிட்டுக் காட்டுங்கள். பேரத்தை வேண்டவே வேண்டாம். "2,000 சொன்னாங்க, 900க்கு வாங்கிட்டேன்" என்ற வீடியோவுக்கு வ்யூஸ் வரும், மறுக்கவில்லை. ஆனால் அதன் பிறகு அந்தக் கடைக்கு வருகிற எல்லோரும் ஃபோனை நீட்டி 900 என்பார்கள். வேறு ஊர்க் கடைகளுக்கு அவர் மொத்தமாகக் கொடுக்கும் விலைகூடக் கெட்டுப்போகும். கடைசி நாள் மாலை, ரயில் செலவுக்காக நஷ்டத்தில் கொடுத்த விலையாகவும் அது இருக்கலாம்.

நான் பேரம் பேசமாட்டேன் என்று உத்தமி வேஷம் போடவில்லை. பேசுவேன், கேமரா இல்லாமல்.

சில கடைகளில் "ஃபோட்டோ எடுக்காதீர்" என்று எழுதியிருக்கிறார்களே, ஏன்?

டிசைன் திருட்டு. ஒருவர் மாதக்கணக்கில் யோசித்துச் செய்த வடிவத்தைத் தெளிவாகப் படம் பிடித்துப் போட்டால், அதைப் பார்த்து மலிவாக ஸ்கிரீன் பிரிண்ட் அடிக்க இன்னொருவருக்கு அதிக நேரம் ஆகாது. அட்டையைப் பார்த்தால் கோபப்படாமல் நகர்ந்துவிடுங்கள்.

ஓவியத்துக்குச் சட்டமும் இருக்கிறது. ஓவியரின் ஆயுள்காலமும் அதற்குப் பின் 60 ஆண்டும் பதிப்புரிமை அவருக்கும் அவர் வாரிசுக்கும்தான். நீங்கள் நடந்துபோகும்போது பின்னணியில் ஓவியம் தெரிவது ஒரு பிரச்சினையும் இல்லை. அதையே முழுத்திரையில் எடுத்து உங்கள் சேனல் பேனராக்குவது, டி-ஷர்ட்டில் போட்டு விற்பது எல்லாம் வேறு கதை. வாங்கிவிட்டேனே என்று சொல்லலாம், ஆனால் நீங்கள் வாங்கியது காகிதத்தை மட்டும்தான்.

சாப்பாட்டுப் பக்கம் என்ன எடுக்கலாம்?

சாப்பாட்டுக் கடைகள் பதினைந்து நாள் கணக்கில் வராது, நிலையாக இருப்பவை. ஆகவே இங்கே கொஞ்சம் தாராளமாக மூச்சு விடலாம். பீகார் கடையில் லிட்டி சோக்கா: வறுத்த கொண்டைக்கடலை மாவு அடைத்துச் சுட்ட உருண்டையை உடைத்ததும் ஆவி வருகிற அந்த இரண்டு விநாடியைப் பிடியுங்கள், அப்புறம் அது வெறும் பழுப்பு உருண்டைதான். ராஜஸ்தான் தால் பாட்டி சூர்மா, வங்காளத்து மீன் வகைகள், காஷ்மீரின் கஹ்வா டீ என்று சுற்றிவந்தால் ஒரு நாள் வயிறு தாங்காது. நான்கு பேராகப் போய்ப் பங்கு போடுங்கள். குளிர்காலத்தில் மோமோ தட்டுக்கு மேல் ஃபோனைக் கொண்டுபோனால் லென்ஸில் ஆவி படிந்துவிடும். பக்கவாட்டில் வைத்து எடுங்கள், ஆவியும் வெளிச்சத்தில் தெரியும்.

நாகாலாந்து, மணிப்பூர் பக்கத்துச் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. மூங்கில் குருத்தோடு பன்றிக்கறி, புளிக்கவைத்த சோயாவில் செய்யும் அகுனி, நாக்கைச் சுட்டெடுக்கும் ராஜா மிளகாய். இதையெல்லாம் முகத்தைச் சுளித்து "என்னத்தைய்யா சாப்பிடுறாங்க!" என்று தம்ப்நெயில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அகுனி மணக்கும், உண்மைதான். நம் வீட்டில் கருவாட்டுக் குழம்பு கொதித்தால் தெருவே அறியாதா? மேல்வீட்டுக்காரர் அதை வீடியோ எடுத்துச் சிரித்தால் நமக்கு எப்படி இருக்கும்?

ஃப்ரூட் பீர் என்கிறார்களே, அது பீரா?

இல்லை. வெறும் இனிப்பு கேஸ் பானம். தில்லி ஹாட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் கையில் ஒரு கிளாஸ் வைத்திருப்பார்கள். தலைப்பில் "பீர்" என்று போட்டு அம்மாவிடம் திட்டு வாங்கியவள் நான்.

கடைக்காரர் சும்மா ஒரு சால்வை கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாமா?

நான் வாங்குவதில்லை, அது என் விருப்பம். நீங்கள் வாங்கினால் வீடியோவில் சொல்லியாக வேண்டும், அது சட்டம். 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை இன்ஃப்ளூயன்ஸர்களுக்கென்று வழிகாட்டுதல் வெளியிட்டது. பணம் மட்டுமில்லை, இலவசப் பொருள், தள்ளுபடி, பயணச் செலவு எதுவாக இருந்தாலும் பார்ப்பவருக்குத் தெளிவாகத் தெரியும்படி சொல்ல வேண்டும். விவரப்பெட்டியில் இருபது ஹேஷ்டேக்குக்கு நடுவே ஒளித்து வைத்தால் கணக்கில் வராது. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம், திரும்பத் திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை.

போலிச் சரக்கு விற்கும் கடைகளும் இருக்கின்றன என்கிறார்களே, அம்பலப்படுத்தலாமா?

இருக்கின்றன. கைவினைஞர் பெயரில் வியாபாரிகள் நுழைந்துவிடுவதாகக் கைவினைஞர்களே புலம்புவார்கள். ஆனால் "இது மெஷின் வேலை" என்று கேமரா முன் அறிவிக்கும் அளவுக்கு நமக்குக் கண் பழகியிருக்கிறதா? பஷ்மினா சால்வையை மோதிரத்துக்குள் நுழைத்துக் காட்டுகிற வித்தை இருக்கிறதே, மெல்லிய செயற்கைத் துணியும் அதில் நுழையும். அதை நம்பி ஒருவரை நல்லவர் என்றோ திருடர் என்றோ சொல்ல முடியாது. "நீங்களே செய்ததா? எந்த ஊரில்? எப்படி?" என்று கேளுங்கள். செய்தவர் நிறுத்தாமல் பேசுவார். செய்யாதவர் விலைக்குத் தாவிவிடுவார். சந்தேகம் இருந்தால் அந்தக் கடையை எடுக்காமல் விட்டுவிட்டால் போதும்.

ட்ரோன் பறக்கவிடலாமா?

கூடாது. பக்கத்திலேயே சஃப்தர்ஜங் விமான நிலையம். பையை விட்டு வெளியே எடுக்காதீர்கள்.

ஊருக்கு வந்து நிதானமாக எடிட் செய்து இரண்டு மாதம் கழித்துப் போடலாமா?

போடலாம், ஆனால் "தில்லி ஹாட்டில் இந்தக் கடைக்குப் போங்கள்" என்று சொல்லாதீர்கள். அந்தக் கடையில் அன்று வேறு யாரோ, வேறு ஏதோ விற்றுக்கொண்டிருப்பார்கள். ஒருவருக்கு உண்மையிலேயே உதவ வேண்டும் என்றால், முதலில் ஒரு நிமிட ரீல் ஒன்றை அன்றிரவே போடுங்கள். கடை எண், எந்தத் தேதி வரை இருப்பார் என்பது, அவ்வளவு போதும். பெரிய வீடியோவை அப்புறம் போடுங்கள். அதில் அவர் ஊர்ப் பெயரும், அவர் சம்மதித்தால் பட்டறையின் ஃபோன் எண்ணும் இருக்கட்டும். சிலருக்கு எண்ணைப் பொதுவில் போடுவது பிடிக்காது, பெண்களுக்கு முக்கியமாக. ராத்திரி ஒரு மணிக்கு "ஹாய்" என்று செய்தி வந்து குவியும் என்று ஓர் அம்மா என்னிடம் சொன்னார். அவருக்காக அவர் மகனின் கடை எண்ணைப் போட்டேன்.

வீடியோ போட்டதும் லிங்க்கை அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். தமிழ் புரியாது, ஆனாலும் பார்ப்பார்கள். "எங்க ஊர்ல எல்லாரும் பார்த்தாங்க, நீங்க என்ன சொன்னீங்கன்னுதான் யாருக்கும் தெரியல" என்று அஜ்ரக்காரர் குரல் பதிவு அனுப்பினார். அன்றிலிருந்து இந்தி சப்டைட்டில் போடுகிறேன்.

திரும்பும்போது வேறு ஏதாவது பார்க்கலாமா?

சாலைக்கு எதிர்ப்பக்கம் ஐ.என்.ஏ. மார்க்கெட். தேங்காய், வாழை இலை, முருங்கைக்காய் எல்லாம் கிடைக்கும். அங்கே நான் கேமராவை எடுப்பதில்லை, வீட்டுக்குக் காய் வாங்கப் போகிற இடம்.